சிறிய கூடலில் மினியேச்சர் போர் விளையாட்டு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆர்வலர் கூடல்களில் மினியேச்சர் போர் விளையாட்டை, அதாவது சிறு வீரர் உருவங்களை மேசையில் நகர்த்தி, பகடை உருட்டி ஆடும் போரை, நடத்த முன்வருபவர்கள் பெரும்பாலும் மாதக்கணக்கில் உழைத்துப் படை திரட்டியவர்கள். விதிகளைக் கரைத்துக் குடித்தவர்கள். அவர்களுடைய மேசையிலும் ஆட்டம் பாதியில் நின்றுபோவதுண்டு. வந்து அமர்ந்தவர்கள் இரண்டாம் சுற்றிலேயே கைபேசியை எடுத்துவிடுவதும் உண்டு. வீட்டில் பழகிய நண்பர்களோடு ஆடுவதற்கு ஏற்ற ஏற்பாட்டை அப்படியே கூடலுக்கும் கொண்டுவருவதுதான் இதற்குப் பெரும்பாலும் காரணம். கூடலில் எதிரே அமர்பவர் அந்த விதிகளை அன்றுதான் முதன்முறையாகக் கேட்கிறார். மேசையும் ஒதுக்கப்பட்ட நேரம் வரைதான் நம்முடையது. அடுத்த ஆட்டத்துக்கு வேறொருவர் காத்திருப்பார்.

எல்லாத் தவறுகளிலும் பெரியது, நேரத்தைக் கணக்கிடாமல் போர்ச்சூழலை வகுப்பது. நான்கு மணி நேரம் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நிலத்தை விரித்துப் படைகளை அடுக்க 40 நிமிடம், விளக்கத்துக்கு 20 நிமிடம், இறுதியில் எடுத்து வைக்க 30 நிமிடம் போனால், ஆடுவதற்கு எஞ்சுவது இரண்டரை மணி நேரம். ஆறு பேர் ஒருவர் பின் ஒருவராக ஆடி, ஒவ்வொருவரும் ஐந்து நிமிடம் எடுத்துக்கொண்டால் ஒரு சுற்றுக்கு 30 நிமிடம் ஆகும். ஆக மொத்தம் ஐந்து சுற்றுகள்தான் கிடைக்கும். இப்போது ஆறு அடி நீள மேசையின் இரு முனைகளிலும், விளிம்பிலிருந்து ஆறு அங்குலம் தள்ளிப் படைகளை நிறுத்தினால் இடைவெளி 60 அங்குலம். காலாட்படை சுற்றுக்கு ஆறு அங்குலம் நகரும் என்றால், இரு தரப்பும் நேருக்கு நேர் நடந்தாலும் மோதிக்கொள்ள ஐந்து சுற்றுகள் தேவைப்படும். அதாவது, போர் தொடங்கும் நேரத்தில் ஆட்டம் முடிந்துவிடும். அதே மேசையில் நான்கு அடி அகலத்தின் குறுக்கே, விளிம்பிலிருந்து பன்னிரண்டு அங்குலம் உள்ளே படைகளை நிறுத்தினால் இடைவெளி 24 அங்குலமாகக் குறைந்து, இரண்டாம் சுற்றிலேயே கைகலப்பு வந்துவிடும். ஒரே தரப்பைச் சேர்ந்த மூவரும் சேர்ந்தாற்போல் நகர்த்தலாம் என்று விதித்தால் சுற்றின் நேரமும் வெகுவாகக் குறைந்துவிடும். இந்தக் கணக்கைத் தாளில் போட்டுப் பார்க்க பத்து நிமிடம்கூட ஆகாது. ஆனால் இதைச் செய்யாமல் விட்டவர்களின் மேசைகள்தாம் கூடல்தோறும் பாதியில் கலைகின்றன.

இதனோடு ஒட்டியது, ஒவ்வொருவரிடமும் அளவுக்கு மீறிப் படைப்பிரிவுகளை ஒப்படைக்கும் ஆசை. வண்ணம் தீட்டிய அனைத்தையும் மேசையில் காட்டிவிட வேண்டும் என்று தோன்றுவது இயல்புதான். புதிதாக விதிகளைக் கற்பவரோ நான்கைந்து படைப்பிரிவுகள் வரைதான் யோசித்து நடத்துவார். அதற்கு மேல் போனால் எதை நகர்த்தினோம், எது இன்னும் சுடவில்லை என்பதிலேயே அவருடைய கவனம் தேங்கிவிடும். மீதமுள்ள உருவங்கள் பெட்டியிலேயே இருக்கட்டும்.

வரலாற்றுப் போர்களை எடுப்பவர்கள் வேறொரு பொறியில் விழுகிறார்கள். 1815 ஜூன் 18 அன்று நடந்த வாட்டர்லூ போரில் முற்பகலிலேயே சண்டை மூண்டுவிட்டது. பிரஷ்யப் படைகள் களத்தில் இறங்கிப் போரிடத் தொடங்கியது மாலை நாலரை மணியளவில்தான். வரலாற்றுக்கு விசுவாசமாக இருக்கிறோம் என்று பிரஷ்யத் தளபதியின் பொறுப்பை ஒருவருக்குக் கொடுத்தால், அவர் ஆட்டத்தின் பாதி நேரம் சும்மா உட்கார்ந்திருப்பார். அவருக்குத் தொடக்கத்திலிருந்தே பிரஷ்யர்களோடு சேர்ந்து நெப்போலியனை எதிர்த்த பிரித்தானியத் தளபதி வெலிங்டனின் தரப்பில் ஒரு சிறு படையையும் கொடுத்துவிடலாம். அல்லது பிரஷ்யர்கள் வந்து சேரும் கணத்திலிருந்து, பிளான்செநுவா கிராமத்தைச் சுற்றி நடந்த சண்டையை மட்டும் ஆடலாம். பின்னது சிறிய கூடலுக்கு மிகப் பொருத்தமானது: களம் சிறியது, இலக்கு ஒரே கிராமம், இரு தரப்புக்கும் முதல் சுற்றிலிருந்தே வேலை உண்டு. ஆள் வராமல் போவதும், எதிர்பாராமல் ஒருவர் கூடுதலாக வந்து நிற்பதும் கூடலில் சகஜம் என்பதால், நால்வருக்கும் ஆறு பேருக்கும் பிரித்துக் கொடுக்கும்படி படைகளை முன்கூட்டியே வகுத்து வைத்திருக்க வேண்டும்.

நடத்துபவர் தாமும் ஒரு தரப்பில் அமர்ந்து ஆடுவது அடுத்த தவறு. பிரஷ்ய அதிகாரி ரைஸ்விட்ஸ் 1824இல் வெளியிட்ட கிரீக்ஸ்ஷ்பீல் என்னும் இராணுவப் பயிற்சி விளையாட்டிலேயே நடுவர் தனி ஆளாக இருந்தார். இரு தரப்பின் ஆணைகளையும் வாங்கி, விளைவைத் தீர்மானித்து, யாருக்கு எது தெரிய வேண்டுமோ அதை மட்டும் சொல்வது அவர் பணி. கூடலில் நடத்துபவருக்கு அவ்வளவு இரகசியம் காக்க வேண்டியதில்லை என்றாலும், கேள்விகளுக்கு விடை சொல்வதும், தயங்குபவரை மெல்ல முன்நகர்த்துவதும், கடிகாரத்தைப் பார்த்துக்கொள்வதும் முழுநேர வேலைகள். தீர்ப்புச் சொல்பவரே எதிரணியிலும் இருந்தால், அவர் சொல்வது எவ்வளவு நியாயமாக இருந்தாலும் தோற்றவருக்கு அது உறுத்தும்.

விதிகளை விளக்கும் முறையிலும் கவனம் வேண்டும். விதிப்புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து ஒப்பிக்கத் தொடங்கினால் கேட்பவர்கள் பத்து நிமிடத்தில் சோர்ந்துவிடுவார்கள். நீங்கள் யார், எதைப் பிடிக்க வேண்டும், எப்படி நகர்வது, எப்படிச் சுடுவது என்ற நான்கையும் சொல்லிவிட்டு முதல் சுற்றை ஆடத் தொடங்கலாம். கைகலப்பு விதியைக் கைகலப்பு வரும்போது சொன்னால் போதும். குறிப்புத்தாள் ஒரே பக்கத்தில், பெரிய எழுத்தில், அன்றைய மேசையில் உள்ள ஆயுதங்களை மட்டும் கொண்டிருக்க வேண்டும். மேசையிலேயே இல்லாத பீரங்கிகளின் அட்டவணையைப் பார்த்துப் புதியவர் குழம்புவதைக் காண வருத்தமாக இருக்கும். பகடையின் கணக்கையும் ஒருமுறை சரிபார்க்க வேண்டும். குறியைத் தாக்க ஆறு, பிறகு எதிரி தப்பாதிருக்க மீண்டும் ஆறு விழ வேண்டும் என்று இருந்தால், ஒரு பகடைக்கு 36இல் ஒரு வாய்ப்புதான். ஆறு பகடைகள் உருட்டியும் ஒன்றும் நடக்காத சுற்றுகளே மிகுதியாக வரும். இரண்டு இடத்திலும் நான்கும் அதற்கு மேலும் போதும் என்று வைத்தால் வாய்ப்பு நான்கில் ஒன்றாகி, ஆறு பகடைகளுக்குச் சராசரியாக ஒன்றரை உருவங்கள் விழும். குறுகிய நேர ஆட்டத்துக்கு இதுதான் ஏற்றது.

இனி உருவங்களின் தயாரிப்பு. கூடலுக்கு முந்தைய இரவில் வண்ணம் தீட்டி முடிப்பது பலருக்கு வழக்கமாகிவிட்டது. ஆனால் கூடல் மேசைக்கு அவ்வாறு அவசரமாக முடித்த உருவங்கள் தாங்கமாட்டா. அங்கே பல கைகள் அவற்றைத் தொடும். அக்ரிலிக் வண்ணத்தின் மேல் வார்னிஷ் பூசி, குறைந்தது ஒரு முழுநாளாவது காயவிட வேண்டும். ஈரப்பதம் மிகுந்த நாளில் பளபளப்பில்லாத மேட் வார்னிஷைத் தெளித்தாலோ, ஒரே தடவையில் கனமாக அடித்தாலோ, உருவத்தின் மடிப்புகளிலும் குழிவுகளிலும் வெண்படலம் படிந்து, கருநீலச் சட்டை சாம்பல் பூத்ததுபோல் ஆகிவிடும். மேலே பளபளப்பு வார்னிஷைத் தூரிகையால் மெல்லப் பூசினால் அது பெரும்பாலும் தெளிந்துவிடும் என்றாலும், தெளிப்பதற்கு முன் ஒரு பழைய உருவத்தில் சோதித்துப் பார்ப்பதே நல்லது. வண்ணத்துக்கு முன் அடிப்பூச்சாக ப்ரைமர் அடிக்கும்போதும் இதே எச்சரிக்கை வேண்டும்: ஏறக்குறைய 20 முதல் 30 செ.மீ. தள்ளி நின்று, மெல்லிய அடுக்குகளாக அடிக்க வேண்டும். 1/72 அளவில் (உண்மை உருவத்தில் 72இல் ஒரு பங்கு) வரும் மென்பிளாஸ்டிக் வீரர்களைச் சோப்பு நீரில் கழுவாமல் வண்ணம் தீட்டினால், வளையும் துப்பாக்கி முனைகளில் வண்ணம் செதில் செதிலாக உரியும். ரெசின் உருவங்களைத் தேய்க்கும்போது முகக்கவசம் அணிந்து, நீரில் நனைத்துத் தேய்க்க வேண்டும்; அந்தத் தூள் நுரையீரலுக்குக் கேடு. பழைய உலோக உருவங்களில் ஈயம் கலந்திருக்கக்கூடும் என்பதால், அவற்றைத் தொட்ட பிறகு கைகழுவாமல் எதையும் உண்ணக் கூடாது.

உருவங்கள் ஒட்டப்பட்டு நிற்கும் அடித்தட்டுகளைப் பலரும் கவனிப்பதில்லை. உருவத்தை அடித்தட்டைப் பிடித்துத்தான் தூக்க வேண்டும். எனவே அது விரல் பிடிக்கும் அளவுக்குத் தடிமனாக இருப்பது நல்லது. அதன் பின்விளிம்பில் படைப்பிரிவின் பெயரை ஒட்டிவிட்டால், ஒரே நிறச் சீருடையில் நிற்கும் மூன்று படைகளில் எது யாருடையது என்ற கேள்வியே எழாது. அடியில் காந்தத் தகடு ஒட்டி, பெட்டிக்குள் மெல்லிய இரும்புத் தகடு விரித்தால் பயணத்தில் ஈட்டிகள் ஒடிவது வெகுவாகக் குறையும்.

மேசையின் அகலமும் அடிக்கடி தவறிப்போகிறது. எட்டிக் கை நீட்டினால் இரண்டு, இரண்டரை அடிக்கு மேல் வசதியாக எட்டாது. ஐந்து அடிக்கு மேல் அகலமான மேசையின் நடுவில் நிற்கும் படையை நகர்த்த ஒருவர் குனியும்போது அவருடைய சட்டைக்கையே முன்வரிசையைச் சாய்த்துவிடும். அழகுக்காகச் செங்குத்தாகச் செய்த குன்றுகளில் உருவங்கள் நிற்பதில்லை; படி படியாக வெட்டிய குன்று பார்வைக்கு அவ்வளவு இயல்பாக இராது, ஆனால் ஆடுவதற்கு ஏற்றது. காட்டின் மரங்கள் தனியே தூக்கி வைக்கும்படி இருக்க வேண்டும். பகடை உருட்ட விளிம்புள்ள தட்டு ஒன்றை வைத்து, தண்ணீர்க் குவளைகளுக்கும் பைகளுக்கும் பக்கத்தில் வேறு இடம் ஒதுக்கிவிட்டால் பாதிச் சேதம் தவிர்க்கப்படும்.

ஆட வருபவர்களும் சிலவற்றை மனத்தில் கொள்ள வேண்டும். பிறருடைய உருவங்களை எடுத்துப் பார்க்கும் முன் கேட்க வேண்டும். விதியில் ஐயம் எழுந்தால் ஒருமுறை எடுத்துச் சொல்லிவிட்டு நடுவர் முடிவை ஏற்க வேண்டும். வாதத்தில் கரையும் பத்து நிமிடம் மேசையைச் சுற்றியிருக்கும் அனைவருடையது. அனுபவமுள்ளவர் பக்கத்தில் அமர்ந்திருக்கும் புதியவரின் படையையும் தாமே நகர்த்திவிடுவதை நான் மிகவும் வெறுக்கிறேன். அவர் தவறான திசையில் குதிரைப்படையை அனுப்பினாலும், அந்த முடிவு அவருடையதாகவே இருக்கட்டும். இடையில் கிளம்ப வேண்டியிருக்கும் என்று தெரிந்தால், அதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டால் நடத்துபவர் அவருக்கு ஏற்ற படையைக் கொடுப்பார்.

முடிவு நேரத்துக்கு அரை மணி முன்பே கடைசிச் சுற்றை அறிவித்துவிட வேண்டும். அப்போதுதான் தயங்கி நிற்பவர்களும் துணிந்து முன்னேறுவார்கள், வெற்றி யாருக்கு என்பதும் அந்தச் சுற்றிலேயே தெரிந்துவிடும். எடுத்து வைக்கும்போது உதவ முன்வருபவர்களிடம் மரங்களையும் வீடுகளையும் கொடுத்துவிட்டு, உருவங்களை நடத்துபவரே பெட்டியில் அடுக்குவது நல்லது. எந்தப் படைக்கு எந்த வரிசை என்பதைப் பெட்டியின் மூடியில் எழுதி ஒட்டியிருந்தால் அந்த வேலை கால் மணியில் முடியும்.