கவுண்டி அட்டவணையை இப்படிப் படியுங்கள்

கடலூர் மஞ்சக்குப்பம் மைதானத்தில் என்னிடம் சுழற்பந்து பழகும் பையன்களை முதலில் இங்கிலாந்தின் உள்நாட்டு கிரிக்கெட்டான கவுண்டி ஆட்டங்களின் அட்டவணையைத்தான் பார்க்கச் சொல்வேன். ஆகஸ்ட் மாதத்தை எடுங்கள். 2021 முதல் அது அணிக்கு 100 பந்து மட்டும் ஆடும் தி ஹண்ட்ரட் போட்டியின் மாதம். சிவப்புப் பந்தில் நடக்கும் கவுண்டி நான்கு நாள் ஆட்டங்களில் பாதிக்கு மேல் ஏப்ரல், மே, செப்டம்பரில் முடிந்துவிடும்.

ஏப்ரலில் குளிரும் ஈரமும். பந்து வேகப்பந்துக்காரர் கையிலேயே இருக்கும். மண் காய்ந்து பந்து திரும்பத் தொடங்கும் ஆகஸ்டில் சிவப்புப் பந்து ஆட்டம் மிகக் குறைவு. இருபது ஓவர் விடாமல் வீசிப் பழக வேண்டியவன் எங்கே போவான்? இதுதான் எனக்குப் பெரிய வருத்தம். லங்காஷயர் கவுண்டிக்காக முதல் ஆட்டத்திலேயே வாஷிங்டன் சுந்தர் 5 விக்கெட் எடுத்தது 2022 ஜூலையில், மாதத்தைக் கவனியுங்கள்.

சரி, பணம்? ஹண்ட்ரட் அணிகளின் பங்குகளை விற்ற தொகையில் 18 கவுண்டிகளுக்கும் பங்குண்டு. அதையும் சேர்த்தே எடைபோடுங்கள்.

அப்புறம், கிளப்புகளின் யூடியூப் ஒளிபரப்பைப் பாருங்கள். பெரும்பாலும் நம் நேரப்படி பிற்பகல் 3.30-க்குத் தொடங்கும். மே ஆட்டம் ஒன்று, ஜூலை ஆட்டம் ஒன்று எடுத்து, ஸ்கோர்கார்டில் சுழற்பந்து ஓவர்களை மட்டும் எண்ணி நோட்டில் எழுதுங்கள்.