நீடித்த நகர்ப் போக்குவரத்தும் வணிகமும்: முதுநிலைப் படிப்பைத் தேர்ந்து படிப்பது எப்படி?

பேருந்து, டாக்சி, மிதிவண்டி, வாடகைக் கார் ஆகிய அனைத்தையும் ஒரே மாதச் சந்தாவுக்குள் கொண்டுவந்த ‘விம்’ என்ற செயலி 2016இல் ஹெல்சிங்கியில் அறிமுகமானது. உலகெங்கும் பாராட்டப்பட்ட அந்தச் சேவையை நடத்திய நிறுவனம் 2024இல் நொடித்துப்போனது. பாரிஸில் 2011இல் தொடங்கிய ‘ஆட்டோலிப்’ மின்கார் பகிர்வுத் திட்டம், பெருகிக்கொண்டே போன நட்டத்தை யார் ஏற்பது என்ற தகராறில் 2018இல் நின்றது. இரண்டிலும் செயலி இயங்கியது, கார் ஓடியது, கணக்குதான் நிற்கவில்லை. நகர்ப் போக்குவரத்தையும் வணிகத்தையும் ஒரே பட்டத்தில் சேர்த்துக் கற்பிப்பதற்கான காரணம் இங்கேதான் இருக்கிறது. ஆகவே படிப்பைத் தேர்வதிலிருந்து ஆய்வேடு எழுதுவது வரை, இந்தச் சேவைக்கு யார் பணம் கொடுக்கிறார், யார் பயன் பெறுகிறார் என்ற கேள்வியைக் கையோடு வைத்திருங்கள்.

படிப்பின் பெயரைப் பார்த்துத் தேர்வு செய்ய வேண்டாம். பாடத்திட்டத்தை வரி வரியாகப் படியுங்கள். பயணத் தேவைக் கணிப்பு, செலவு-பயன் பகுப்பாய்வு, போக்குவரத்துக் கொள்கை ஆகிய மூன்றும் கட்டாயப் பாடங்களாக இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். அடுத்ததாக, பொதுப் போக்குவரத்து ஒப்பந்தங்களைப் பற்றி ஏதேனும் கற்பிக்கிறார்களா என்று தேடுங்கள். பேருந்தை இயக்கும் நிறுவனத்துக்கு ஓடிய கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று கொடுத்து, பயணச்சீட்டு வருவாயை அரசே வைத்துக்கொள்ளலாம். அல்லது வருவாயையும் அதன் ஏற்ற இறக்கத்தையும் அந்த நிறுவனத்திடமே விட்டுவிடலாம். ஒரு நகரத்தில் பேருந்து நிறுத்தத்தில் நின்று ஏற்றிச் செல்கிறதா, கூட்டமுள்ள தடத்துக்கு மட்டும் விரைகிறதா என்பதைப் பெரும்பாலும் இந்தத் தேர்வே தீர்மானிக்கிறது. வணிகப் பகுதி என்ற பெயரில் புத்தொழில் யோசனைகளைப் பத்து நிமிடத்தில் மேடையேற்றுவது மட்டுமே நடக்கும் படிப்பைத் தவிர்ப்பது நல்லது என்பது என் கருத்து.

ஐரோப்பாவில் இத்தகைய படிப்புகள் பெரும்பாலும் இரண்டு ஆண்டுகள், 120 கிரெடிட்கள் கொண்டவை. ஒரு கிரெடிட்டுக்கு 25 முதல் 30 மணி நேர உழைப்பு என்பது அங்குள்ள பொதுக் கணக்கு. ஆண்டுக்கு 60 கிரெடிட் என்றால் 1,500 முதல் 1,800 மணி நேரம். பகுதிநேர வேலை செய்து செலவைச் சமாளிக்கலாம் என்று எண்ணுவோர் இந்த எண்ணை முதலில் எழுதிவைத்துக்கொள்ள வேண்டும். முதல் ஆண்டை ஒரு நாட்டிலும் இரண்டாம் ஆண்டை வேறொரு நாட்டிலும் படித்து இரு பல்கலைக்கழகங்களின் பட்டத்தையும் பெறும் அமைப்பும் உண்டு. அதில் சேர்வோருக்குக் குடியிருப்பு அனுமதி, வீடு தேடுதல் ஆகிய இரண்டும் இரண்டு முறை வரும்.

விண்ணப்பத்துக்குக் கால அவகாசம் குறைவு. ஸ்வீடனில் ஆகஸ்ட் இறுதியில் தொடங்கும் படிப்புக்கு ஜனவரி நடுவிலேயே விண்ணப்பம் முடிந்துவிடும். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோர் ஸ்வீடனில் 2011 முதலும் பின்லாந்தில் 2017 முதலும் கல்விக் கட்டணம் செலுத்த வேண்டியிருப்பதால், உதவித்தொகைக்கான தனிக் கெடுவையும் சேர்த்தே குறித்துக்கொள்ளுங்கள். நோக்க அறிக்கையில் பருவநிலை மாற்றத்தைப் பற்றிப் பொதுவாக எழுதாமல், நீங்கள் அறிந்த ஒரு வழித்தடத்தின் ஒரு சிக்கலை எடுத்து, அதைத் தீர்க்க உங்களிடம் இல்லாத திறன் எது என்று சொல்லுங்கள்.

சேர்வதற்கு முந்தைய மாதங்களைப் புள்ளியியலுக்குக் கொடுங்கள். மக்கள் எந்த வாகனத்தைத் தேர்வார்கள் என்பதைக் கணிக்கும் தெரிவு மாதிரிகளே இத்துறையின் முதுகெலும்பு. சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் ‘பார்ட்’ ரயில் வருவதற்கு முன், வேலைக்குச் செல்வோரில் 15 விழுக்காட்டினர் அதில் பயணிப்பர் என்று அதிகாரபூர்வமாகக் கணித்திருந்தனர். பொருளாதார அறிஞர் டேனியல் மெக்ஃபேடனின் மாதிரி 6.3 விழுக்காடு என்றது, நடந்தது 6.2. அவருக்கு 2000இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. இதனுடன் க்யூஜிஐஎஸ் வரைபட மென்பொருளும் கொஞ்சம் பைத்தான் நிரல்மொழியும் பழகிக்கொள்ளுங்கள். பல நகரங்களின் பேருந்து, ரயில் கால அட்டவணைகள் ஜிடிஎஃப்எஸ் என்ற பொது வடிவத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு புள்ளியிலிருந்து 45 நிமிடத்தில் எங்கெல்லாம் போய்ச் சேரலாம் என்று அவற்றைக் கொண்டு நீங்களே வரைந்து பாருங்கள்.

வகுப்புகள் தொடங்கியபின் பலர் செய்யும் பிழை, பொறியியல் பாடத்தையும் வணிகப் பாடத்தையும் தனித்தனிக் குறிப்பேடுகளில் வைத்துக்கொள்வது. மாறாக, ஒரே நிகழ்வை இரு பக்கமிருந்தும் படியுங்கள். நகர மையத்தின் எல்லையைக் கடக்கும் வாகனங்களிடம் வசூலிக்கும் நெரிசல் கட்டணத்தை ஸ்டாக்ஹோம் 2006 ஜனவரி முதல் ஜூலை வரை சோதித்தது. கட்டண எல்லையைக் கடக்கும் வாகனங்கள் ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்தன. கட்டணம் நேரத்துக்கு நேரம் மாறினால் பயணம் எப்படி நகர்கிறது என்பது ஒரு பாடம். வசூலிக்கும் கருவிகளின் செலவு எவ்வளவு, வருவாய் எதற்குப் போகிறது, கட்டணத்தை எதிர்த்த மக்கள் சோதனைக்குப் பின் நடந்த வாக்கெடுப்பில் ஏன் மெல்லிய பெரும்பான்மையில் ஆதரித்தனர் என்பவை மற்றொரு பாடம். 2007 ஆகஸ்டில் அந்தக் கட்டணம் நிரந்தரமாக்கப்பட்டது. இப்படிப் பருவத்துக்கு இரண்டு நகரங்களைப் பற்றி இரண்டிரண்டு பக்கக் குறிப்பு எழுதிவந்தால், ஆய்வேட்டுத் தலைப்பு அதிலிருந்தே வரும்.

ஆய்வேட்டை ஒரு நகராட்சியுடனோ போக்குவரத்து நிறுவனத்துடனோ சேர்ந்து எழுத முடிந்தால் எழுதுங்கள். ஆனால் தரவு தருவதாக வாய்மொழியாகச் சொன்னதை நம்பித் தலைப்பை உறுதிசெய்யாதீர்கள். எந்தத் தரவு, எந்தத் தேதிக்குள், ஆய்வேட்டில் எவ்வளவு வெளியிடலாம் என்பதை எழுத்தில் பெற்றபின் வழிகாட்டியிடம் செல்லுங்கள். அது வராவிட்டால் பொதுத் தரவை மட்டும் கொண்டு செய்யக்கூடிய இரண்டாவது தலைப்பு ஒன்றும் கையில் இருக்கட்டும்.