பழைய வரைபடத்தில் சுரங்கத் தடம் பிடிப்பது எப்படி?

ஜெர்மனி–செக் எல்லையிலுள்ள எர்ட்ஸ்கெபிர்கே மலையில் பல நூற்றாண்டுகளாக வெள்ளியும் வெள்ளீயமும் வெட்டியெடுத்தார்கள். அந்தக் குழிகளில் பலவற்றின் மேல் இன்று காடு. பழகிக்கொள்ள, ஜெர்மனியின் சாக்சனிப் பகுதிக்கு 1780–1806இல் வரைந்த ‘மைலன்பிளாட்’ வரைபடத் தாள்கள் தோதானவை. அளவு 1:12,000, தாளில் 1 மி.மீ. தரையில் 12 மீட்டர்.

படி 1: தாளின் படத்தை கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில், பழைய தாளை இன்றைய வரைபடத்தோடு பொருத்தும் ஜியோரெஃபரன்சர் கருவியில் திறந்து, ஆயத்தொலை முறையாக ஈபிஎஸ்ஜி 25833 தேர்ந்தெடுங்கள். வடக்கு தாளின் உச்சியில் இருக்காது. கையால் திருப்ப வேண்டாம், தாளிலும் இன்றைய வரைபடத்திலும் நீங்கள் இணைத்துக் குறிக்கும் புள்ளிகளே திருப்பிவிடும். தேவாலயக் கோபுரம், பாலம், பழைய குளத்துக் கரை என 8–10 புள்ளிகள், தாள் முழுக்கப் பரவலாக. ஓடை வளைவும் காட்டு விளிம்பும் இடம் மாறுபவை, நம்பாதீர்கள். பொருத்தும் முறைக்கு, தாள் முழுவதையும் ஒரே சீராகத் திருப்பி இழுக்கும் ‘முதல்படி பாலினோமியல்’ போதும். ஒவ்வொரு புள்ளிக்கும் ஏற்பத் தாளை வளைக்கும் ‘தின் பிளேட் ஸ்ப்லைன்’ முறை பிழையைப் பூஜ்யமாகக் காட்டும். தவறான புள்ளியும் அதில் ஒளிந்துகொள்ளும்.

படி 2: சரிவைப் படியுங்கள். சமஉயரக் கோடு இருக்காது. சரிவு இறங்கும் திசையில் சிறு கீற்றுகள்தான். தடித்து நெருங்கினால் செங்குத்து, வெளுத்தால் சமதளம்.

படி 3: இதுதான் முக்கியம். 5 மீட்டர் குழி தாளில் அரை மி.மீ.கூட வராது; ஒற்றைக் குழியைத் தேடினால் ஏமாற்றமே. வரிசையைத் தேடுங்கள். தாதுப் படிவம் ஓடிய திசையிலேயே குழிகளும் கழிவு மேடுகளும் நேர்கோட்டில் நிற்கும். அந்தக் கோட்டுக்குக் கீழே, ஓடையோரம் ‘ஷ்டோலன்’ என்று எழுதியிருந்தால் அது சுரங்க நீரை வடித்த கிடைப்பாதையின் வாய். ‘ஃபுண்ட்குரூபே’ என்றால் சுரங்கம். மலையைச் சுற்றி ஏறக்குறைய ஒரே உயரத்தில் ஓடும் கோடு பாதையாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. சுரங்கச் சக்கரத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்த வாய்க்காலாகவும் இருக்கலாம். ஒரு குளத்தில் போய் முடிந்தால் சந்தேகம் வலுக்கும்.

படி 4: மேலே 1 மீட்டர் நுணுக்கமுள்ள லிடார் நிழல் படத்தை விரியுங்கள்; வானிலிருந்து லேசரால் அளந்து, மரங்களை நீக்கித் தரையின் மேடுபள்ளத்தைக் காட்டும் படம் அது. ஒளி வடமேற்கிலிருந்து மட்டும் விழுந்தால் அதே திசையில் ஓடும் வாய்க்கால் மறைந்துபோகும். இன்னொரு திசையிலிருந்தும் பாருங்கள். நடுவில் பள்ளமும் சுற்றிலும் வளையமுமாக இருந்தால் ‘பிங்கே’, அதாவது இடிந்த குழி. சரிவில் வெட்டிய வட்டமான சமதளம் கரிமூட்டம் போட்ட இடம். புதியவர்கள் அதிகம் ஏமாறுவது இதில்தான். தாளும் லிடாரும் 20, 30 மீட்டர் விலகினால் பதற வேண்டாம், இரண்டு மி.மீ. பிசகே 24 மீட்டர்.

நேரில் போனால் குழி விளிம்பில் நிற்காதீர்கள், அடியில் வெற்றிடமாக இருக்கலாம். அனுமதியின்றி அங்கே தோண்டுவதும் உலோகம் தேடும் கருவியோடு அலைவதும் சட்டப்படி குற்றம்.