நீராவிச் சம்மட்டி வடிவமைப்பு: அடி மெத்தென்று விழாமல் இருக்க

நீராவியால் கனமான தலையைத் தூக்கி இறக்கி, சூடான இரும்பை அடித்து உருவாக்கும் இயந்திரமே நீராவிச் சம்மட்டி. நான் செய்த முதல் மாதிரிச் சம்மட்டி ஏறியது, இறங்கியது, ஆனால் அடிக்கவில்லை. 40 மி.மீ. விட்டமுள்ள சிலிண்டர், 120 மி.மீ. வீச்சு (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்), 6 கி.கி. விழும் எடை என்ற அளவில் அமைந்த அந்த மாதிரியை, கொதிகலன் வைக்காமல் அழுத்தக் காற்றில் ஓட்டினேன். பிஸ்டனுக்கு மேலே காற்றைச் செலுத்தி அடித்தபோதும், காற்றுக் குழாயைக் கழற்றிவிட்டுத் தலையைத் தன் எடையால் மட்டும் விழச் செய்தபோதும், அடியில் வைத்த ஈயத் துண்டு ஏறக்குறைய ஒரே அளவுதான் நசுங்கியது. அழுத்தத்தைக் கூட்டினேன்; தலையின் எடையைக் கூட்டினேன்; பலன் இல்லை. குறை எங்கே இருந்தது என்பதை மூன்றாம் படியில் சொல்கிறேன். தொடக்கநிலையில் இருப்பவர்கள் பலரும் விரைவாகக் கடந்துவிடும் இடம் அதுதான் என்பதால், அந்தப் படி மட்டும் மற்றவற்றைவிட நீளமாக இருக்கும்.

கொதிகலனைப் பற்றி இங்கே எழுதவில்லை. நிலையான அழுத்தத்தில் ஆவி கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டு, சம்மட்டியின் இயந்திர அமைப்பை மட்டும் பார்ப்போம். கணக்குகள் அனைத்தும் 250 கி.கி. விழும் எடையுள்ள ஒரு சிறிய சம்மட்டிக்கு உரியவை.

படி 1: விழும் எடையும் வீச்சும்

விழும் எடை என்பது தலை மட்டுமன்று. பிஸ்டன், பிஸ்டன் தண்டு, தலை, தலையில் பொருத்திய மேல் அச்சு (இரும்பின் மேல் படும் அடிப்புக் கட்டை) ஆகிய நான்கும் சேர்ந்ததே 250 கி.கி. வீச்சு 0.6 மீட்டர். தன் எடையால் மட்டும் விழுந்தால் இதன் ஆற்றல் 250 × 9.81 × 0.6, அதாவது ஏறத்தாழ 1,470 ஜூல். மோதும் வேகம் விநாடிக்கு 3.4 மீட்டர்.

ஸ்காட்லாந்துப் பொறியாளர் ஜேம்ஸ் நாஸ்மித் 1839 நவம்பர் 24 அன்று வரைந்த சம்மட்டி இத்தகையதுதான். 'கிரேட் பிரிட்டன்' கப்பலின் துடுப்புச் சக்கரத்துக்கான தண்டை அடித்து உருவாக்கும் அளவுக்குப் பெரிய சம்மட்டி எங்கும் இல்லை என்ற நிலையில் பிறந்தது அந்த வரைபடம். அதில் ஆவியின் வேலை தூக்குவது மட்டுமே, அடிப்பது புவியீர்ப்பு. பிரான்சின் லெ க்ரூசோவில் 1877இல் இயங்கத் தொடங்கிய 100 டன் சம்மட்டியும் இந்த வகையைச் சேர்ந்ததே. அவ்வளவு எடை இருக்கும்போது மேலிருந்து ஆவி தள்ள வேண்டிய தேவை இல்லை. எடை குறைந்த சம்மட்டிக்கு அது தேவை. ஆகவே பிஸ்டனின் இரு பக்கமும் ஆவி வேலை செய்யும் இரட்டைச் செயல் வகையை எடுத்துக்கொள்கிறேன்.

படி 2: சிலிண்டரின் விட்டம்

ஆவியின் அழுத்தம் 7 பார், சிலிண்டரின் உள்விட்டம் 150 மி.மீ., தண்டின் விட்டம் 60 மி.மீ. என்று கொள்ளுங்கள். மேல்பக்கப் பரப்பு 176.7 சதுர செ.மீ.; கீழ்ப்பக்கத்தில் தண்டு இடத்தை எடுத்துக்கொள்வதால் 148.4 சதுர செ.மீ. மட்டுமே மிஞ்சும்.

இறங்கும்போது மேலே 7 பார் முழுமையாகக் கிடைக்காது. வால்விலும் வழிகளிலும் இழப்பு ஏற்படும். சராசரியாக 5 பார் என்று வைத்தால் தள்ளுவிசை 8,836 நியூட்டன். எடை 2,452 நியூட்டன். கீழே சிக்கியிருக்கும் ஆவி அரை பார் அளவுக்கு எதிர்த்து நிற்கிறது என்று கொண்டால் 742 நியூட்டனைக் கழிக்க வேண்டும். நிகரம் 10,546 நியூட்டன், 0.6 மீட்டர் வீச்சுக்கு ஆற்றல் 6,328 ஜூல். மோதும் வேகம் விநாடிக்கு 7.1 மீட்டர். வெறும் எடையால் விழுவதைப் போல நான்கு மடங்குக்கும் மேற்பட்ட ஆற்றல் இது. இறங்க எடுக்கும் நேரம் 0.17 விநாடி.

அந்த 'அரை பார்' என்ற சொல்லை அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள். காகிதத்தில் அதை எழுதுவது எளிது. அதை உண்மையாக்குவதுதான் அடுத்த படி.

படி 3: கீழே இருக்கும் ஆவிக்கு வழிவிடுதல்

அடி விழும் அந்த 0.17 விநாடிக்குள், பிஸ்டனுக்குக் கீழே இருந்த ஆவி முழுவதும் வெளியேறியாக வேண்டும். நீராவி இயந்திரங்களில் பழகியவர்களுக்கு இது உறுத்துவதில்லை. ஏனெனில் அங்கே வீச்சின் முடிவில் பிஸ்டனின் வேகம் சுழிக்கு வந்துவிடும், கடைசியில் சிறிது ஆவி சிக்கிக்கொள்வது நன்மையாகவும் அமையும். சம்மட்டியில் நிலைமை முற்றிலும் நேர்மாறானது. வீச்சின் முடிவில்தான் வேகம் உச்சத்தில் இருக்கிறது; ஆவி வெளியேற வேண்டிய வீதமும் அப்போதுதான் உச்சத்தைத் தொடுகிறது. நான் சராசரி வேகத்தை வைத்துக் கணக்கிட்டதுகூட இல்லை; ஆவி உள்ளே வருவதற்குப் போதுமான துளையே வெளியேறவும் போதும் என்று எண்ணி, மாதிரியில் 5 மி.மீ. துளை ஒன்றைப் போட்டு நிறுத்திவிட்டேன்.

அதன் விளைவைப் பின்னர் கணக்கிட்டுப் பார்த்தேன். மாதிரியின் கீழ்ப்பரப்பு 10.6 சதுர செ.மீ.; எதிர்பார்த்த மோதல் வேகம் விநாடிக்கு 4.1 மீட்டர். அந்த வேகத்தில் தலை விழ வேண்டுமானால், 5 மி.மீ. துளையில் காற்று விநாடிக்கு 220 மீட்டர் வேகத்தில் பாய வேண்டும். அத்தகைய வேகத்தில் பாய்வதற்குக் கீழே பெரிய அழுத்தம் உண்டாக வேண்டும். அந்த அழுத்தமே தலையைத் தாங்கிப் பிடித்தது. மேலே நான் கூட்டிய ஒவ்வொரு பாருக்கும் கீழே எதிரழுத்தமும் கூடியே வந்ததால், அடி மாறவே இல்லை.

இதை நான் கண்டுபிடித்தது கணக்கின் வழியாக அன்று. ஒரு நாள், சிலிண்டரின் அடியில் நீர் வடிப்பதற்காக வைத்திருந்த சிறு குழாயை மூட மறந்து ஓட்டினேன். ஈயத் துண்டு திடீரென்று கூடுதலாக நசுங்கியது. காற்று கசிந்தால் அடி தளர வேண்டும். இங்கே இறுகியது என்றால், கசிவு ஒரு தடையை நீக்குகிறது என்று பொருள். உங்கள் சம்மட்டியும் மெத்தென்று அடித்தால், வேறு எதையும் பிரிப்பதற்கு முன் இந்தச் சோதனையைச் செய்யுங்கள்.

நான் இப்போது பின்பற்றும் விதி இதுதான்: மோதும் கணத்தின் உச்ச வேகத்தை எடுத்துக்கொண்டு, வெளியேறும் ஆவியின் வேகம் விநாடிக்கு 40 மீட்டரைத் தாண்டாதபடி வழியின் பரப்பை வையுங்கள். 250 கி.கி. சம்மட்டியில் 0.01484 × 7.1, அதாவது விநாடிக்கு 0.105 கன மீட்டர் வெளியேறுகிறது. 40ஆல் வகுத்தால் 26 சதுர செ.மீ. வேண்டும். இது கீழ்ப்பரப்பில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு. பார்ப்பதற்கு அளவுக்கு மீறிய பெரிய வாயாகத் தோன்றும், தயங்காமல் வெட்டுங்கள். மாதிரியில் 5 மி.மீ. அகலமும் 22 மி.மீ. நீளமும் கொண்ட நீள்வாயாக அராவி எடுத்த பிறகு, அதே அழுத்தத்தில், அதே எடையில், அடி உண்மையான அடியாக விழுந்தது.

இன்னொன்றும் உண்டு. வாய் பெரியதாக இருந்து, அதற்கு அப்பால் உள்ள குழாய் குறுகலாக இருந்தால் பயனில்லை. சிலிண்டரிலிருந்து வெளிக்காற்று வரை, எந்த இடத்திலும் பரப்பு குறையக் கூடாது. வளைவுகளும் குறைவாக இருக்க வேண்டும்.

படி 4: மேலே மெத்தை வேண்டும், கீழே கூடாது

ஏறும் திசையில் ஆபத்து வேறு. 7 பார் ஆவி கீழ்ப்பரப்பில் 10,388 நியூட்டன் விசையைத் தருகிறது; எடையைக் கழித்தாலும் ஏறத்தாழ 7,900 நியூட்டன் மிச்சம். வீச்சு முழுவதும் ஆவியைத் திறந்தே வைத்தால், தலை விநாடிக்கு 6 மீட்டரைத் தாண்டிய வேகத்தில் மேலேறி, பிஸ்டன் சிலிண்டரின் மூடியை உடைத்துவிடும். ஆகவே தூக்கும் ஆவியை வீச்சின் முற்பகுதியிலேயே நிறுத்த வேண்டும். எஞ்சிய வேகத்தை மேலே ஒரு ஆவிமெத்தை வாங்கிக்கொள்ள வேண்டும்.

அந்த மெத்தையை உண்டாக்குவது எளிது. மேல்வாயைச் சிலிண்டரின் உச்சியில் வைக்காமல், மூடியிலிருந்து 60 மி.மீ. கீழே வையுங்கள். ஏறிவரும் பிஸ்டன் அந்த வாயை மூடியதும், அதற்கு மேலே சிக்கிய ஆவி வில்லைப் போல அமுங்கும். நாஸ்மித்தின் சம்மட்டியிலும் சிலிண்டரின் மேற்பகுதியில் துளைகள் இருந்தன. அவற்றைப் பிஸ்டன் கடந்த பிறகு, மேலே அடைபட்ட காற்று இதே வேலையைச் செய்தது.

கீழ்வாயை மட்டும் சிலிண்டரின் அடிமட்டத்திலேயே வைக்க வேண்டும். இரு அச்சுகளும் ஒன்றையொன்று தொட்டு நிற்கும் நிலையில்கூடப் பிஸ்டன் அந்த வாயை மறைக்கக் கூடாது. சிலிண்டரின் கீழ் மூடிக்கும் பிஸ்டனுக்கும் இடையில் குறைந்தது 40 மி.மீ. இடைவெளி வேண்டும். அச்சுகள் தேயத் தேயப் பிஸ்டன் இன்னும் கீழே வரும் என்பதை மறவாதீர்கள்.

படி 5: வால்வு

தட்டையான ஸ்லைடு வால்வை நான் பரிந்துரைக்க மாட்டேன். 80 சதுர செ.மீ. பரப்புள்ள வால்வின் முதுகில் 7 பார் ஆவி 5,600 நியூட்டன் விசையோடு அழுத்தும். உராய்வு அதில் பத்தில் ஒரு பங்கு என்றாலும், ஒவ்வோர் அடிக்கும் 560 நியூட்டன் விசையை வெல்ல வேண்டும். உருளை வடிவப் பிஸ்டன் வால்வில் ஆவி இரு முனைகளிலும் சமமாக அழுத்துவதால், நெம்புகோலை விரலால் அசைக்கலாம். 80 மி.மீ. விட்டமுள்ள வால்வின் சுற்றளவு 251 மி.மீ.; அதில் இடைக்கம்பிகள் போக 150 மி.மீ. திறந்திருந்தால், 18 மி.மீ. நகர்வில் 27 சதுர செ.மீ. கிடைக்கிறது. மூன்றாம் படியின் தேவை நிறைவேறிவிட்டது.

வால்வின் விளிம்புகளை, மேலே ஆவி நுழைவதற்கு 3 மி.மீ. நகர்வுக்கு முன்பே கீழ்வழி திறந்துவிடும்படி அமையுங்கள். இதைக் கணினியில் வரைவதைவிட, அட்டையில் வால்வையும் வாய்களையும் உண்மை அளவில் வெட்டி, ஒன்றின்மேல் ஒன்றை நகர்த்திப் பார்ப்பதே சிறந்தது. எந்த விளிம்பு எப்போது திறக்கிறது என்பது கைக்கே தெரிந்துவிடும்.

தானாக இயங்கும் அமைப்பைத் தொடக்கத்திலேயே முயல வேண்டாம். தலை ஒரு குறிப்பிட்ட உயரத்துக்கு வந்ததும் வால்வைத் திருப்பும் அமைப்பு எளிதாகத் தோன்றும். ஆனால் அடிபடும் இரும்பின் கனம் ஒவ்வோர் அடிக்கும் மாறுகிறது. மோதலுக்கு முன்பே வால்வு திரும்பினால், கீழே புகுந்த ஆவி அடியைத் தாங்கிவிடும். பழைய குறை வேறு வழியில் திரும்பி வரும். ராபர்ட் வில்சன் நாஸ்மித்தின் சம்மட்டிக்கு அமைத்த தானியங்கி முறையின் சிறப்பு இங்கேதான் இருக்கிறது. தலையில் பொருத்திய ஒரு கொக்கி, தலை சட்டென்று நின்ற அதிர்ச்சியில் தன் சடத்துவத்தால் முன்னே வீசி, வால்வை விடுவித்தது. உயரத்தைப் பொறுத்து அன்றி, மோதலையே பொறுத்து அது இயங்கியது. அந்தச் சிந்தனையின் கூர்மையை ஒவ்வொரு முறையும் வியக்கிறேன். ஆயினும் முதல் சம்மட்டிக்குக் கை நெம்புகோலே போதும்.

படி 6: பிஸ்டன் தண்டு

தண்டு முறிந்தால் எல்லோரும் அடுத்த தண்டைத் தடிமனாக்குகிறார்கள். தலை திடீரென்று நிற்கும்போது தண்டில் ஓடும் அதிர்வலையின் தகைவு (ஓரலகுப் பரப்பில் உண்டாகும் விசை), உருக்கின் அடர்த்தி, அதில் ஒலி செல்லும் வேகம், மோதல் வேகம் ஆகிய மூன்றின் பெருக்கல். தடிமன் அதில் வருவதே இல்லை. விநாடிக்கு 7.1 மீட்டர் வேகத்தில் உடனடியாக நின்றால் அது ஏறத்தாழ 285 மெகாபாஸ்கல். சூடான இரும்பு நசுங்கி இடம்கொடுக்கும்போது தகைவு இதைவிடக் குறைவு. அச்சோடு அச்சு வெறுமையாக மோதும்போதுதான் இந்த எல்லைக்கு அருகில் செல்கிறது. எனவே வெறும் அடி அடிக்காதீர்கள். தண்டின் உச்சியில் உள்ள பிஸ்டன் கனமாக இருந்தால் தகைவு மேலும் ஏறும். பிஸ்டனை இலேசாக, முடிந்தால் தண்டோடு ஒரே துண்டாக அடித்துச் செய்யுங்கள். தண்டு தலைக்குள் மெல்லச் சரியும் கூம்பாக நுழையட்டும். கூர்மையான படிவெட்டு எங்கும் வேண்டாம். இரும்பை அச்சின் ஓரத்தில் வைத்து அடிப்பதும் தண்டை வளைத்துச் சோர்வடையச் செய்யும்.

படி 7: பட்டடை

மோதலுக்குப் பின் தலையும் பட்டடையும் சேர்ந்து நகரும் அளவுக்கு ஆற்றல் வீணாகிறது. பட்டடை தலையைப் போல 5 மடங்கு என்றால் 83 விழுக்காடு ஆற்றல் இரும்புக்குச் சேரும். 15 மடங்கு என்றால் ஏறத்தாழ 94. 20 மடங்கு என்றால் 95. பதினைந்துக்கு மேல் செலவே மிகுதி, பலன் சிறிது. 3,750 கி.கி. பட்டடையை எடுத்துக்கொண்டால், 5,930 ஜூல் இரும்புக்குக் கிடைக்கிறது; இரும்பு 10 மி.மீ. அமுங்கினால் சராசரி விசை 593 கிலோநியூட்டன், அதாவது 60 டன் எடைக்கு நிகரான அழுத்தம்.

தட்டை அச்சுச் சம்மட்டியில் பட்டடையின் அஸ்திவாரத்தையும் சட்டகத்தின் அஸ்திவாரத்தையும் தனித்தனியாகப் பிரித்து, பட்டடையின் அடியில் மரக்கட்டைகளை அடுக்குங்கள். ஒன்றாக வைத்தால் ஒவ்வோர் அடியும் சட்டகத்தின் போல்ட்டுகளைத் தளர்த்தும்.

பின்சேர்க்கை 1

இதைப் படித்துச் செய்து பார்த்த ஒருவர், அடியின் தொடக்கம் சோம்பலாக இருக்கிறது என்று எழுதியிருந்தார். நான்காம் படியில் நான் சொல்லாமல் விட்டதே காரணம். பிஸ்டன் உச்சியில் இருக்கும்போது மேல்வாயை அதுவே மூடியிருப்பதால், புதிய ஆவி அதன் தலைக்கு மேலே போக முடியவில்லை. மேல்வாயின் வழியிலிருந்து மூடிக்கு ஒரு சிறு கிளை வழி எடுத்து, அதில் உள்நோக்கி மட்டும் திறக்கும் குண்டு வால்வு ஒன்றை வையுங்கள். ஆவி உள்ளே வரும். மெத்தை ஆவி வெளியே தப்பாது.

பின்சேர்க்கை 2

காற்றில் நன்றாக ஓடிய மாதிரி, ஆவிக்கு மாறியதும் முதல் சில அடிகளில் முரட்டு ஒலி எழுப்புகிறது என்பது மற்றொருவரின் கேள்வி. குளிர்ந்த சிலிண்டரில் ஆவி நீராகிறது, நீர் அமுங்காது. மெத்தையாக இருக்க வேண்டிய இடத்தில் நீர் நின்றால் மூடி பிளந்துவிடும். இரு முனைகளின் வடிகுழாய்களையும் திறந்துவைத்து, தலையின் அடியில் ஒரு முட்டுக்கட்டையை நிறுத்தி, சிறிதளவு ஆவியால் சிலிண்டரைச் சூடாக்குங்கள். வடிகுழாயிலிருந்து நீர் நின்று ஆவி மட்டும் வரத் தொடங்கிய பிறகே முட்டுக்கட்டையை எடுத்து முதல் அடியை அடியுங்கள்.