ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைச் சொல் பிரித்துப் படிப்பது எப்படி?

கடலூரில் ஐப்பசி மழையோடு காய்ச்சலும் வந்துவிடும். ரிப்போர்ட்டில் 'த்ராம்போசைட்டோபீனியா' என்றிருந்தால் பதறாமல் கடைசியிலிருந்து பிரியுங்கள். 'பீனியா' கிரேக்கத்தில் வறுமை, பற்றாக்குறை. 'சைட்டோ' வந்தது கைட்டோஸிலிருந்து. வெற்றுக்கலம் என்று பொருள், மருத்துவத்தில் செல். 'த்ராம்போஸ்' ரத்தக்கட்டி. ஆக, ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறைவு. மைக்ரோலிட்டருக்கு 1.5 லட்சத்துக்குக் கீழே போனால் இப்படி எழுதுவார்கள்.

இங்கே ஒரு கோளாறு நடக்கும். ஊதா மூடிக் குழாயிலுள்ள இடிடிஏ என்ற, ரத்தம் உறையாமல் தடுக்கும் ரசாயனம், சிலருடைய தட்டணுக்களைக் கொத்தாக ஒட்டவைத்துவிடும்; மெஷின் குறைத்து எண்ணும். உடம்பில் எந்தத் தொந்தரவும் இல்லாமல் எண்ணிக்கை மட்டும் சரிந்திருந்தால், ஸ்மியர் (ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவி மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பது) பார்க்கலாமா, இடிடிஏவுக்குப் பதில் சிட்ரேட் உள்ள குழாயில் மறுபடி எடுக்கலாமா என்று டாக்டரிடம் கட்டாயம் கேளுங்கள்.

லியூக்கோஸ் வெள்ளை, எரித்ரோஸ் சிவப்பு. நிறத்துக்கு இவை போதும்.

ஹைமா என்றால் ரத்தம். அதுவே சொல்லின் வாலில் 'ஈமியா' ஆகிறது. 'அன்' என்றால் 'இல்லை' என்று பொருள். ஆனாலும் அனீமியா ரத்தமே இல்லாத நிலையல்ல. ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு ஆண்களுக்கு 13, கர்ப்பமில்லாத பெண்களுக்கு 12 கிராமுக்குக் கீழ் இறங்குவது.

பலரும் குழம்பும் ஜோடி ஒன்று உண்டு. ஹெமச்சூரியா சிறுநீரில் ரத்தம். யுரீமியா ரத்தத்தில் யூரியா சேர்வது. எங்கே என்பதை வால்தான் சொல்கிறது, அதை முதலில் பாருங்கள்.