வாடகைத் தகராறுக்கு வக்கீல் ஆபீஸ் போகிறவர்களுக்கு: யாரிடம் எதைக் கொடுப்பது, எதைக் கேட்பது

வாடகை வழக்கு பார்க்கும் ஆபீசில் ஒருவர் மட்டும் வேலை செய்வதில்லை. சீனியர், ஒன்றிரண்டு ஜூனியர்கள், குமாஸ்தா, டைப் அடிப்பவர் என்று ஆளுக்கொரு வேலை இருக்கும். அது தெரியாமல் எல்லாவற்றையும் சீனியரிடமே சொல்லக் காத்திருப்பதால்தான் பலருடைய வழக்கு ஆரம்பத்திலேயே தாமதமாகிறது.

சேலத்தில் காலை பத்து மணிக்கு மேல் போனால் பெரும்பாலும் எல்லோரும் அஸ்தம்பட்டி கோர்ட்டில்தான் இருப்பார்கள். காலை ஒன்பதுக்கு முன்போ, மாலை ஆறுக்கு மேலோ போங்கள். முதல் நாள் உங்கள் கதையைக் கேட்டு எழுதிக்கொள்வது ஜூனியர்தான். நோட்டீஸ், மனு எல்லாவற்றுக்கும் முதல் வரைவு அவர் கையில்தான் உருவாகும். அவரிடம் விட்டுப்போன தகவல் மனுவிலும் விட்டுப்போகும். அதனால் ஒரு முழுத்தாளில் தேதி வரிசை எழுதிக்கொண்டு போங்கள்: குடிவந்த நாள், அட்வான்ஸ் கொடுத்த நாளும் தொகையும், ஒவ்வொரு வாடகை உயர்வு, தகராறு ஆரம்பித்த நாள், கடைசியாக வாடகை கொடுத்த நாள். வீட்டு ஓனர் எப்படிப்பட்டவர் என்பதை விட இந்தத் தேதிகள்தான் ஜூனியருக்கு வேண்டும்.

அந்தத் தாளோடு ஒப்பந்தம், வாடகை ரசீதுகள், பணம் அனுப்பிய பேங்க் பக்கங்கள், மின்கட்டண ரசீதுகள் ஆகியவற்றின் நகல் இரண்டு செட் கொடுங்கள். அசலைக் கொடுக்க நேர்ந்தால் என்னென்ன கொடுத்தீர்கள் என்று பட்டியல் எழுதி, அதில் ஆபீசில் ஒருவரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். நல்ல ஆபீசில் இதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். வாட்ஸ்அப் செய்தியோ குரல் பதிவோ இருந்தால் போனை மாற்றாதீர்கள், அழிக்காதீர்கள். 2023-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் 63-ஆம் பிரிவின்படி மின்னணுச் சாட்சியத்தோடு சான்றிதழ் ஒன்று வைக்க வேண்டும். அதைத் தயார் செய்யப் பழைய போன் அப்படியே இருப்பது நல்லது.

ஒப்பந்தத்தில் எங்கே கோளாறு வருகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் 2017-இல் இயற்றிய நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள், பொறுப்புகள் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. 1960-ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இப்போது இல்லை. புதிய சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். அதை வாடகை அதிகாரியிடம் (இந்தச் சட்டத்தின் கீழ் வாடகை விவகாரம் பார்க்கும் அரசு அதிகாரி) 90 நாளுக்குள் பதிவு செய்து எண் வாங்க வேண்டும். பதினொரு மாத ஒப்பந்தம் என்றால் எந்தப் பதிவும் வேண்டாம் என்று பலர் நம்புகிறார்கள். பதினொரு மாதம் என்று எழுதுவது சார்பதிவாளர் அலுவலகப் பதிவைத் தவிர்க்கத்தான். வாடகை அதிகாரியிடம் செய்யும் பதிவு அதோடு சேர்ந்ததில்லை. வேறாக ஒப்பந்தம் இல்லாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் இருக்கக் கூடாது என்பதும் இந்தச் சட்டத்தில்தான் இருக்கிறது. ஆனால் சேலத்தில் பத்து மாத அட்வான்ஸுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறவர்களும் உண்டு. கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில் அப்படி இருந்தால் அதை முதல் நாளே ஜூனியரிடம் காட்டிவிடுங்கள்.

போக்கியத்துக்கு வீடு எடுத்தவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டும். மொத்தமாகப் பணம் கொடுத்து, வாடகையில்லாமல் இருந்துவிட்டு, போகும்போது முழுப் பணத்தையும் வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு இது. இருபது ரூபாய் முத்திரைத்தாளில் எழுதி, பதிவு செய்யாமல் விட்டதை அடமானம் என்று கோர்ட்டில் நிறுவ முடியாது. சொத்து மாற்றுச் சட்டம் 59-ஆம் பிரிவின்படி நூறு ரூபாய்க்கு மேற்பட்ட அடமானத்துக்குப் பதிவு தேவை. அப்போது பணம் கொடுத்ததற்கான சான்றை வைத்துப் பணம் மீட்பு வழக்கு போடுவதுதான் கையில் இருக்கும் வழி. அதற்குத் தமிழ்நாட்டில் கோர்ட் கட்டணம் தொகையில் 3 சதவீதம். காலவரம்பும் உண்டு, அது எந்த நாளிலிருந்து ஓடுகிறது என்று ஜூனியரிடம் அன்றே கேளுங்கள். ரொக்கமாகக் கொடுத்திருந்தால் நிரூபிப்பது மிகவும் கடினம். பணம் கொடுக்கும் முன் வில்லங்கச் சான்று (சொத்தின் மேல் பதிவான அடமானம், விற்பனை போன்றவற்றைக் காட்டும் சான்று) எடுத்துப் பாருங்கள். வீடு பேங்கில் அடமானத்தில் இருந்து கடன் கட்டாமல் போனால், வெளியேற்றும் நோட்டீஸ் பேங்கிலிருந்து உங்கள் கதவுக்கு வரும். இந்த ஒரு சான்றை எடுக்காததால் சேமிப்பு முழுவதையும் இழக்கும் குடும்பங்களை நினைத்தால் மனம் கனக்கிறது. அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறோம்.

ஓனர் வாடகையை வாங்க மறுத்தால் பலர் சும்மா இருந்துவிடுகிறார்கள். அதுதான் ஆபத்து. வாடகை நிலுவை வெளியேற்றத்துக்கான காரணங்களில் ஒன்று. அனுப்பியதற்குச் சான்று இருக்கும்படி பேங்க் மூலமோ, ஒப்புகை அட்டையோடு தபாலிலோ மாதாமாதம் அனுப்புங்கள். தொடர்ந்து மறுத்தால் வாடகை அதிகாரியிடம் கட்டுவதற்கான மனுவை ஜூனியர் தயார் செய்து தருவார்.

தண்ணீரையோ கரண்டையோ துண்டித்தால் வாடகை அதிகாரியிடம் இடைக்கால உத்தரவு கேட்கலாம். பூட்டை மாற்றிவிட்டார்கள் என்றால் முதலில் போலீஸ் நிலையத்தில் எழுத்தில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்குப் போலீஸ் தரும் ரசீது) வாங்குங்கள். ‘இது சிவில் தகராறு’ என்று திருப்பி அனுப்பினாலும், புகார் கொடுத்த தேதி பின்னால் உதவும்.

குகை, அம்மாபேட்டை போன்ற இடங்களில் வீட்டிலேயே தறி வைத்திருப்பவர்கள், கட்டடம் எதற்காக என்று ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதைப் பாருங்கள். குடியிருக்க மட்டும் என்று இருந்தால், தறி ஓடுவதையே காரணம் காட்டி வெளியேறச் சொல்லலாம்.

ஏற்காட்டில் எஸ்டேட் லைன் வீடுகளில் இருப்பவர்கள் கதை வேறு. வேலையோடு சேர்ந்து நிறுவனம் தரும் வீட்டுக்கு வாடகைச் சட்டம் பொருந்தாது. தொழிலாளர் சட்டம் பார்க்கும் வக்கீலிடம்தான் போக வேண்டும். கோவில் கட்டடத்தில் கடை வைத்திருப்பவர்களுக்கும் விதி வேறாக இருக்கலாம், அதனால் பேச ஆரம்பிக்கும்போதே அதைச் சொல்லிவிடுங்கள்.

வக்காலத்தில் (உங்களுக்காக வாதாட வக்கீலுக்கு அதிகாரம் தரும் தாள்) கையெழுத்துப் போடும்போது எதிர்த்தரப்புப் பெயரும் கோர்ட் பெயரும் நிரப்பியிருக்கிறதா என்று பாருங்கள். பிரமாணப் பத்திரத்தை வாசித்துப் பார்க்காமல், அல்லது வாசிக்கச் சொல்லிக் கேட்காமல் கையெழுத்திடாதீர்கள். தாக்கல் செய்வது, நகல் எடுப்பது, வாய்தா தேதி குறிப்பது குமாஸ்தாவின் வேலை. அவரிடம் வழக்கின் சி.என்.ஆர். எண்ணை (ஒவ்வொரு வழக்குக்கும் தரப்படும் தனி எண்) வாங்கி, இ-கோர்ட்ஸ் செயலியில் நீங்களே தேதி பார்த்துக்கொள்ளுங்கள். சம்மன் வந்தும் போகாமல் விட்டால் நீங்கள் இல்லாமலே எக்ஸ்பார்ட்டி உத்தரவு (ஒருதலைப்பட்ச உத்தரவு) வரும். அதை நீக்கக் கேட்கக் குறுகிய அவகாசமே உண்டு. தெரிந்த நாளே குமாஸ்தாவுக்குப் போன் செய்யுங்கள்.

சீனியரிடம் கேட்க வேண்டியது மூன்று: எந்த மனு, ஏன் அது, மொத்தச் செலவு எவ்வளவு. ஜெயித்தால் இத்தனை சதவீதம் என்று பேசுவதை பார் கவுன்சில் விதிகள் தடை செய்கின்றன. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி பெறலாம். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் போங்கள், அல்லது 15100-க்கு அழையுங்கள்.

வக்கீலை மாற்ற விரும்பினால் ஆட்சேபணை இல்லை என்று எழுதி வாங்கிக்கொண்டு புது வக்காலத்து போடலாம். பீஸ் பாக்கி என்பதற்காக உங்கள் வழக்குக் கோப்பை வக்கீல் பிடித்துவைக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டிலேயே சொல்லிவிட்டது. முதல் நாள் எழுதி வாங்கிய பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டால், குமாஸ்தா ஒவ்வொரு தாளாகச் சரிபார்த்துத் திருப்பித் தருவார்.