கைடு வைக்கலாமா, வேண்டாமா? வாசலில் நின்று யோசிக்காதீர்கள்

போன மாதம் தஞ்சைப் பெரிய கோயிலில் ஒரு குடும்பத்தைப் பார்த்தேன். மணி பதினொன்றே முக்கால். கேரளாந்தகன் வாயிலின் நிழலில் பாட்டி உட்கார்ந்துவிட்டார். இரண்டு பிள்ளைகள் வெறுங்காலோடு கல்தரையில் கால் மாற்றிக் கால் மாற்றித் துள்ளிக்கொண்டிருந்தார்கள். வெயிலில் கல் அப்படிக் கொதித்தது. குடும்பத் தலைவர் ஒரு கைடிடம் கட்டணம் பேசிக்கொண்டே, இன்னொரு கைடை "கொஞ்சம் இருங்கள்" என்று கையமர்த்திக்கொண்டிருந்தார். "கைடு எதற்கு? எல்லாம் போனிலேயே இருக்கிறதே" என்றார் மனைவி. பேச்சு முடியும்போது பன்னிரண்டு. பன்னிரண்டரைக்கு நடை சாத்திவிடுவார்கள்.

ஒரு காலத்தில் அந்த மனிதர் நான்தான். அண்ணன் குடும்பம், தங்கை குடும்பம், அப்பா, அம்மா, மாமியார் என்று பன்னிரண்டு பேர் வரை கூட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய்வருவது இருபது வருடமாக என் பொறுப்பு. செய்யாத தப்பு மிச்சமில்லை.

தண்ணீர் எடுக்க மறப்பது, விடுமுறை நாளில் போய் நிற்பது, வெள்ளிக்கிழமையன்று தாஜ்மகால் வாசல்வரை போய்த் திரும்புவது போன்றவற்றை எழுதப்போவதில்லை. அவை ஒருமுறை பட்டால் தானே திருந்தும். பட்டபிறகும் திருந்தாதவை சில உண்டு.

வாசலில் முடிவெடுப்பது

கைடு வேண்டுமா என்ற கேள்விக்கு வாசலில் நல்ல பதில் கிடைக்காது. பசி, வெயில், பிள்ளைகளின் நச்சரிப்பு, நான்கு பேர் சூழ்ந்துகொண்டு "சார், சார்" என்பது எல்லாம் சேர்ந்து உங்களுக்காக முடிவெடுத்துவிடும். நான் இப்போது இதை முந்தின நாள் இரவு, சாப்பிட்டு முடித்ததும் பேசிவிடுகிறேன். கேட்பது ஒன்றே ஒன்று: நாளைக்குப் பார்க்கப்போகும் இடம் கண்ணால் பார்த்தாலே நிறையுமா, யாராவது சொன்னால்தான் திறக்குமா?

கொடைக்கானல் ஏரி, ஊட்டி தாவரவியல் பூங்கா, கடற்கரை: கைடு வேண்டாம்.

மாமல்லபுரம், தஞ்சை, ஹம்பி: வேண்டும். குறைந்தது ஒன்றரை மணி நேரத்துக்காவது வேண்டும்.

"எல்லாம் போனில் இருக்கிறது"

இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் போன் விரல் நீட்டிக் காட்டாது. மாமல்லபுரத்துப் பெரிய பாறைச் சிற்பத்தை நாங்கள் முதல்முறை பத்து நிமிடத்தில் பார்த்து முடித்தோம். யானையின் முன்னால் படம் எடுத்துக்கொண்டோம், கிளம்பினோம். இரண்டாம் முறை ஒரு கைடு பிள்ளைகளிடம், "இதில் ஒரு பூனை தவம் செய்கிறது, கண்டுபிடியுங்கள்" என்றார். அவ்வளவுதான், பிள்ளைகள் பாறையை விட்டு நகரவில்லை. யானையின் காலருகே பின்னங்காலில் நின்று, முன்னங்கால்களைத் தலைக்கு மேல் தூக்கிய பூனை. அதைச் சுற்றிப் பயமில்லாமல் எலிகள். அதற்குப் பிறகுதான் அவர், மேலே ஒற்றைக்காலில் நிற்பவர் அர்ச்சுனனா பகீரதனா என்ற பழைய வழக்கைச் சொன்னார். நடுவில் உள்ள பிளவையும், அதில் மேலிருந்து நீர் வழிய விட்டிருக்கலாம் என்பதையும் காட்டினார். எட்டு வயது மருமகள், "தண்ணீர் வந்தால் அது கங்கை, அப்படியென்றால் பகீரதன்" என்று தீர்ப்பே சொல்லிவிட்டாள். இதைப் போனில் படித்துக் காட்டியிருந்தால் கேட்டிருப்பாளா?

டிரைவர் கூட்டிவரும் கைடு

இதைத்தான் சொல்லவேண்டும் என்று உட்கார்ந்தேன். மற்றவற்றில் போனது காசு. இதில் போனது வேறு.

2011 டிசம்பர், ஆக்ரா. ஒன்பது பேர், வாடகை வேன், இரவு ரயிலில் திரும்ப டிக்கெட். அப்பாவுக்கு அப்போது எழுபத்து நான்கு வயது. முப்பது வருடம் பள்ளியில் வரலாறு நடத்தியவர். அவருக்குத் தாஜ்மகாலைவிட ஆக்ரா கோட்டை மேல்தான் ஆசை. 1658இல் ஔரங்கசீப் சிறைவைத்த ஷாஜகான், 1666இல் சாகும்வரை எட்டு வருடம் அங்கேதான் இருந்தார். முசம்மன் புர்ஜ் என்ற எண்கோண மாடத்திலிருந்து யமுனை வளைவுக்கு அப்பால் தாஜ்மகால் தெரியும். இந்தக் காட்சியை அப்பா எத்தனையோ வகுப்புகளுக்குச் சொல்லியிருக்கிறார், ஒருமுறையும் பார்த்ததில்லை. "அந்த மாடத்தருகே ஐந்து நிமிடம் நிற்கவேண்டும்" என்று திருச்சியில் ரயில் ஏறும்போதே சொல்லிவிட்டார்.

காலையில் டிரைவர் ஒருவரைக் கூட்டிவந்தார். "நம்ம ஆள்தான், கட்டணம் நீங்கள் பார்த்துக் கொடுத்தால் போதும்" என்று இந்தியில் சொன்னார். எனக்குத் தெரிந்த இந்திக்கு அது தேனாக இருந்தது. கட்டணம் கேட்கவில்லை, எத்தனை மணி நேரம் என்று கேட்கவில்லை, கழுத்தில் சுற்றுலாத் துறை அடையாள அட்டை இருக்கிறதா என்று பார்க்கவில்லை. பார்த்துக் கொடுத்தால் போதும் என்பவருக்கு வருமானம் வேறெங்கோ இருந்து வருகிறது என்பது கூட உறைக்கவில்லை.

தாஜ்மகாலில் மனிதர் சுறுசுறுப்பாகத்தான் இருந்தார். கட்டிய தொழிலாளர்களின் கையை ஷாஜகான் வெட்டிவிட்டார் என்ற கதையையும், ஆற்றுக்கு அந்தப்பக்கம் கறுப்புத் தாஜ்மகால் கட்டப்போனார் என்ற கதையையும் சொன்னார். அப்பா என் காதருகே, "இரண்டுக்கும் ஆதாரம் கிடையாது" என்றார். மதியம் சாப்பாடு முடிந்ததும், கோட்டைக்குப் போகும் வழியில் ஐந்து நிமிடம் ஒரு பட்டறையைப் பார்த்துவிடலாம், தாஜ்மகாலைக் கட்டிய கைவினைஞர்களின் வம்சம், வாங்கவேண்டிய கட்டாயமே இல்லை என்றார்.

வாசலில் ஒருவர் உட்கார்ந்து வண்ணக்கல்லைச் சக்கரத்தில் தேய்த்துக்கொண்டிருந்தார். பிறகு உள்ளே அழைத்தார்கள். டீ வந்தது. விளக்கை அணைத்துவிட்டு, பளிங்குத் தட்டின் அடியில் டார்ச் அடித்துப் பூ வேலைப்பாட்டை ஒளிரவைத்தார்கள். அழகாகத்தான் இருந்தது. பிறகு இரண்டாவது அறை, மூன்றாவது அறை, புடவைக் கூடம். "கிளம்பலாம்" என்று கைடைத் தேடினால் ஆளைக் காணவில்லை. டிரைவரும் வேனில் இல்லை. பெண்கள் தர்மசங்கடத்தில் எதையாவது வாங்கித் தொலைத்துவிட்டுப் போய்விடலாம் என்ற நிலைக்கு வந்தார்கள். என் மாமியார் பூ பதித்த வட்டப் பலகை ஒன்றை வாங்கினார். பில் கையெழுத்தான அடுத்த நிமிடம் இருவரும் எங்கிருந்தோ முளைத்தார்கள்.

ஐந்து நிமிடம் இரண்டேகால் மணி நேரமாகியிருந்தது. டிசம்பரில் ஆக்ராவில் ஐந்தரைக்கே பொழுது சாய்ந்துவிடும். கோட்டையும் அத்தோடு சரி. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது டிக்கெட் கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். தாஜ்மகாலுக்கும் கோட்டைக்கும் இரண்டரை கிலோமீட்டர்கூட இருக்காது. அப்பா அமர்சிங் வாயிலுக்கு எதிரே நின்று சிவப்பு மதிலை அண்ணாந்து பார்த்தார். "பரவாயில்லை, வெளியிலிருந்தாவது பார்த்தாயிற்று" என்றார். அந்தப் "பரவாயில்லை"யை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

பலகை பளிங்கே இல்லை, மாக்கல். நகத்தால் கீறினால் கோடு விழுகிறது. இப்போது அதன்மேல் சாவிக்கொத்து வைக்கிறோம்.

கடைக்காரர் விற்கத்தான் செய்வார், அவரைச் சொல்லிப் பயனில்லை. டிரைவர், கைடு, கடை மூவருக்கும் நடுவில் ஒரு கணக்கு ஓடுகிறது. நீங்கள் வாங்கும் பொருளின் விலையில் அந்தப் பங்கும் சேர்ந்திருக்கும். டிரைவர் கைடு பிடித்துத் தரட்டுமா என்றால், நான் இப்போது "ஏற்கெனவே சொல்லிவைத்துவிட்டோம்" என்று முடித்துவிடுகிறேன். கைடை நானே பார்க்கிறேன்: தங்கும் விடுதியில் முந்தின நாளே கேட்பேன், அல்லது நுழைவிடத்தில் படம் ஒட்டிய அடையாள அட்டை உள்ளவரிடம் பேசுவேன். பேசும்போதே மூன்றைச் சொல்லிவிடுவேன். மொத்தம் இவ்வளவு என்று பேசிக்கொள்வோம், ஒருவருக்கு இவ்வளவு என்ற கணக்கு வேண்டாம். இத்தனை மணிக்கு முடிக்கவேண்டும். கடை எதற்கும் போகமாட்டோம். மூன்றாவதைக் கேட்டதும் முகம் மாறுபவரை அனுப்பிவிடுவேன். மாறாதவர்தான் பெரும்பாலும் நல்ல கைடு. வீட்டில் யாருக்காவது ஓரிடத்தின் மேல் தனி ஆசை இருந்தால், அதைக் காலையில் முதலில் முடித்துவிடுகிறேன்.

மொழி

ஆக்ராவில் இன்னொன்றும் நடந்தது. கைடு பேசியது இந்தி, நடுநடுவே ஆங்கிலம். அம்மாவுக்கும் மாமியாருக்கும் நான் மொழிபெயர்த்தேன். ஒரு கட்டத்தில், கல்லறையைச் சுற்றியிருக்கும் பளிங்குச் சாளரத் தட்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். வீட்டில் முக்கால்வாசிப் பேருக்குப் புரியாத மொழியில் கைடு வைப்பதைவிட, ஒருவர் முன்கூட்டிப் படித்துவந்து தமிழில் சொல்வது மேல். ஹம்பியில் தமிழ் பேசும் கைடு வேண்டும் என்று விடுதியில் முதல்நாளே கேட்டு வைத்தோம், கிடைத்தார். விருபாட்சர் கோயிலில் இருட்டறைச் சுவரில் கோபுரத்தின் நிழல் தலைகீழாக விழுவதை அவர் காட்டியபோது, என் அம்மா நேராகவே அவரிடம் "ஏன் தம்பி அப்படி?" என்று கேட்டார். சின்னத் துளை வழியாக ஒளி நுழைவதால் என்று அவர் விளக்க, நான் சும்மா நின்று பார்த்தேன்.

சொன்னதையெல்லாம் நம்புவது

பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று சொல்வார்கள். விழும். மாலை நான்கரைக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போய் நிழலிலேயே நிற்கவையுங்கள். இப்போதுள்ள பெரிய நந்தியை ராஜராஜன் வைத்தான் என்றால், அது நாயக்கர் காலத்தது. இப்படி இரண்டு கதை சொன்னார் என்பதற்காகக் கைடை ஒதுக்கவேண்டியதில்லை. "கல்வெட்டைக் காட்டுங்கள்" என்று கேட்டுப்பாருங்கள். அடித்தளத்தில் "நாம் குடுத்தனவும் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும்" என்று ராஜராஜன் தன் கொடையோடு அக்காள் கொடையையும் சேர்த்து வெட்டச் சொன்னதையும், இன்னோரிடத்தில் கோயில் பணிக்கு அமர்த்திய ஆடல் மகளிரான நானூறு தளிச்சேரிப் பெண்டுகளின் பெயரும் வீடும் வரிசையாக இருப்பதையும் விரல் வைத்துக் காட்டுபவர் கிடைத்தால், நிழல் கதையை மன்னித்துவிடலாம்.

பேரம்

ஐம்பது ரூபாய் குறைத்தால் அரை மணி நேரம் குறையும்.

பாட்டியை மறப்பது

வேகமாக நடக்கும் கைடுக்குப் பின்னால் பிள்ளைகள் ஓடும், பெரியவர்கள் நிழலில் தங்கிவிடுவார்கள், அவர்களுக்கும் சேர்த்துத்தான் காசு கொடுத்திருப்போம். "மெதுவாக, உட்கார்ந்து உட்கார்ந்து" என்று தொடக்கத்திலேயே சொல்லுங்கள். தஞ்சையில் அன்று பார்த்த குடும்பம் கடைசியில் கைடு வைத்துக்கொண்டுதான் உள்ளே போனது. பாட்டி மட்டும் வாயில் நிழலிலேயே இருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, தலைக்கு மேலே இருப்பதற்குக் கேரளாந்தகன் வாயில் என்று ஏன் பெயர் வந்தது என்று சொல்லத் தொடங்கினேன். "அதெல்லாம் தெரியும் தம்பி, நான் தஞ்சாவூரில் பிறந்தவள்" என்றார்.